ஸ்வெட்டர் பைக்கு எந்தக் கேமரா?

அக்கா மகள் கோத்தகிரியில் டீச்சர். போன மே மாதம் ஊட்டிக்கு வந்தவள், காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள். "மாமா, சின்னதா ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்கணும். ஸ்வெட்டர் பாக்கெட்ல போடுற மாதிரி. பதினஞ்சாயிரத்துக்கு மேல கிடையாது. எதை வாங்கட்டும்?"

நான் எழுந்துபோய் மர அலமாரியைத் திறந்தேன். உள்ளே எப்போதும் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் சாமி அலமாரி என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சூடு இல்லாவிட்டால் இந்த ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மினாக்ஸ் பி, ஒலிம்பஸ் பென் இஇ-3, ரோலை 35 என்று மூன்றையும் எடுத்து மேஜையில் வைத்தேன். நாலாவதாக ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. அது என்னிடம் இல்லை. குன்னூர் நண்பர் ஒருவருடையதை இரண்டு வருஷம் இரவல் வாங்கிப் பாழாக்கியிருக்கிறேன், அந்த அனுபவம் உண்டு.

ஒரு காலத்தில் 35 மி.மீ. கேமராவைத்தான் 'மினியேச்சர்' என்றார்கள். 1925-ல் லைக்கா வந்தபோது, பெரிய தகட்டில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு அது பொம்மையாகத் தெரிந்தது. நான் இங்கே பேசுவது அதிலும் பொடிசுகளைப் பற்றி: கோட் பையில், ஸ்வெட்டர் பையில், மினாக்ஸ் என்றால் சட்டைப்பையிலேயே அடங்குபவை.

அவள் கை முதலில் மினாக்ஸுக்குத்தான் போனது. எல்லார் கையும் அதற்குத்தான் போகும். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் லென்ஸும் வியூஃபைண்டரும் வெளியே வரும், தள்ளினால் மூடிக்கொள்ளும், அந்த இழுப்புத் தள்ளலிலேயே ஃபிலிம் அடுத்த படத்துக்கு நகரும். எடை நூறு கிராமுக்குள். வால்டர் சாப் என்பவர் வடிவமைத்தது, முதலில் லாட்வியாவின் ரீகா நகரத்தில் செய்தார்கள். போருக்குப் பிறகு ஜெர்மனியில் செய்தார்கள், பி மாடல் 1958-ல் வந்தது. கூட ஒரு மெல்லிய சங்கிலி உண்டு. அதில் 20, 24, 30, 40 சென்டிமீட்டருக்கு அடையாள மணிகள், முழு நீளம் 60. காகிதத்திலிருந்து சங்கிலியை இழுத்துப் பிடித்து தூரத்தை அளந்து படமெடுக்கலாம். உளவாளி கேமரா என்று பேர் வாங்கியது இதனால்தான்.

இது அப்பாவின் கேமரா. ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜர் கொடுத்தது. அப்பா வேலை பார்த்தது இந்து நகரில், இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில். 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. 'இந்து' என்ற பேரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின, குடியிருப்புக்கும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. மலையின் குளிரும் தூசியில்லாத காற்றும் ஃபிலிம் பூசுகிற வேலைக்குத் தோது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அப்படி அப்பாவின் கண்ணெதிரே அகல அகலமான சுருள்களில் ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டிலிருந்த இந்தக் கேமராவுக்குப் போட ஒன்பது மில்லிமீட்டர் சொச்சம் அகலத்தில் எங்களுக்கு ஒரு முழம் ஃபிலிம் கிடைக்கவில்லை. நான் கல்லூரி முடிக்கிறவரை அது காலியாகவே கிடந்தது. ஆலையும் மூடிப் போயிற்று.

இன்றைக்கும் அதே கதைதான். மினாக்ஸுக்கு ஃபிலிம் வேண்டுமென்றால் 35 மி.மீ. ரோலை இருட்டில் நீளவாக்கில் கீறி, பழைய மினாக்ஸ் ஃபிலிம் டப்பாவில் நாமே சுற்றிப் போட வேண்டும். கீற ஒரு அச்சு வேண்டும், டப்பா வேண்டும், கழுவ அதற்கென்று சின்னத் தொட்டி வேண்டும். நெகட்டிவ் அளவு 8-க்கு 11 மில்லிமீட்டர், சாதாரண 35 மி.மீ. படத்தில் பத்தில் ஒரு பங்கு. நாலுக்கு ஆறு அங்குல பிரிண்டுக்கே பதின்மூன்று, பதினாலு மடங்கு பெரிதாக்க வேண்டும். கீறும்போது விழுந்த ஒரு தூசி, பிரிண்டில் தேயிலைச் செடி மாதிரி நிற்கும். பொழுதுபோக்கு ஃபிலிம் கீறுவதுதான் என்றால் மினாக்ஸ் வாங்கலாம். படமெடுப்பது என்றால் வேண்டாம். அவள் முகம் கொஞ்சம் வாடியது. திரும்ப ஒருமுறை இழுத்துத் தள்ளிவிட்டு வைத்தாள்.

இப்படிப் பட்ட கேமராக்களை ஒப்பிடுகிறவர்கள் லென்ஸ் கூர்மையைப் பற்றித்தான் பேசுவார்கள். டெஸ்ஸாரா, ஸுய்க்கோவா என்று லென்ஸ் பேர்களை வைத்து மணிக்கணக்கில். மலையில் இருப்பவள் முதலில் யோசிக்க வேண்டியது வேறு: போட்ட ரோல் எத்தனை நாளைக்குக் கேமராவுக்குள்ளேயே கிடக்கும்? ஜூனில் தென்மேற்கு மழை கூடலூர்ப் பக்கமிருந்து ஏறும். அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு, அது குன்னூர், கோத்தகிரியைப் பிடித்துக்கொள்ளும். துவைத்த துணி நாலு நாள் காயாத வீட்டில் ஃபிலிமின் ஜெலட்டின் மட்டும் காய்ந்தபடி இருக்குமா? படமெடுத்த ஃபிலிமைச் சீக்கிரம் கழுவுங்கள் என்றுதான் ஃபிலிம் செய்கிறவர்களும் சொல்கிறார்கள். நான் ஒருமுறை ஆடியில் போட்ட ரோலைத் தையில் கழுவினேன். பாதிப் படங்கள் சாம்பல் பூத்திருந்தன, ஓரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். எடுத்ததில் ஒரு கல்யாணமும் உண்டு. அந்த வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

இந்த அளவுகோலை வைத்துத்தான் பென் இஇ-3-ஐக் கையிலெடுக்க வேண்டும். ஒலிம்பஸின் வடிவமைப்பாளர் மைத்தானி 1959-ல் தொடங்கிய பென் வரிசையில் இது 1973-ல் வந்தது. 35 மி.மீ. ரோலில் ஒரு படத்துக்கு உரிய இடத்தில் இரண்டு படம், 18-க்கு 24 மில்லிமீட்டர். முப்பத்தாறு எடுக்கும் ரோலில் எழுபத்திரண்டு. ஒரு கலர் ரோல் விற்கிற விலையில் இது சின்ன விஷயமில்லை. ஃபோகஸ் திருப்ப வேண்டாம், பேட்டரி வேண்டாம். லென்ஸைச் சுற்றி தேனடை மாதிரி இருக்கிற செலினியம்தான் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், வெளிச்சம் பட்டாலே வேலை செய்யும். ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு, நொடியில் நாற்பதில் ஒன்று, இருநூறில் ஒன்று. எது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். சாதாரணமாகப் பிடித்தால் படம் நெடுக்குவாக்கில் விழும். யூகலிப்டஸ் மரத்துக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் அது வெகு பொருத்தம்.

வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டருக்குள் சிவப்பாக ஒரு நாக்கு எட்டிப் பார்க்கும், ஷட்டர் அமுங்காது. வாங்கும்போது இதுதான் சோதனை. லென்ஸைக் கையால் பொத்தி அமுக்கினால் சிவப்பு நாக்கு வர வேண்டும். வெயிலைப் பார்த்து அமுக்கினால் வரக்கூடாது. வெயிலிலும் வந்தால் செலினியம் செத்துவிட்டது என்று பொருள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். செத்த செலினியத்தை உயிர்ப்பிக்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சோலைக்குள் நுழைந்தால் மத்தியானம் மூன்று மணிக்கே இந்த நாக்கு வந்துவிடும். அப்போது லென்ஸ் வளையத்தை ஆட்டோவிலிருந்து திருப்பி, லென்ஸ் முழுசாகத் திறக்கும் 3.5-ல் வைத்தால், நாற்பதில் ஒன்று வேகத்தில் மறுபேச்சில்லாமல் எடுக்கும். ஃபிளாஷுக்காக வைத்த ஏற்பாடு, நமக்கு இருட்டுக்கு உதவுகிறது. மூச்சை அடக்கி மரத்தில் சாய்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும்போது வேறொரு தொல்லை. மஞ்சு வெள்ளை. மீட்டர் அதைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, படத்தை மங்கலாக்கிவிடும். ஹெத்தை ஹப்பா திருவிழாவில் இந்த மலையின் படுகர்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தி நிற்கும் கூட்டத்தை எடுத்தாலும் இதே கதைதான், வெள்ளைத் துணி அழுக்கு வேட்டியாகிவிடும். (எடுப்பதற்கு முன் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வது வேறு விஷயம். கேட்காமல் எடுப்பவனுக்குக் கேமரா சின்னதாக இருப்பது வசதி அல்ல, திருட்டுத்தனம்.) பென்னில் இதற்கு ஒரே வழி, 400 வேக ஃபிலிமைப் போட்டுவிட்டுக் கேமராவிடம் 200 என்று பொய் சொல்வது. ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விழும்.

இப்படி எல்லாம் கூடிவந்த பிறகு, எழுபத்திரண்டு என்ற அந்த எண்ணே வினையாகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகிற ஒருத்தி, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மழையில் போனால், ஒரு ரோலை எப்போது முடிப்பாள்? என் பென்னில் ஒரு ரோல் சராசரியாக நாலு மாதம் இருந்திருக்கிறது. சிக்கனம் என்று வாங்கியது சீக்கில் முடிந்தது. இன்னொன்று, என் கலர் ரோல்கள் கழுவக் கோயம்புத்தூருக்குப் போகின்றன. அங்கே ஒரு லேபில் 'ஹாஃப் ஃப்ரேம்' என்று டப்பா மேலேயே எழுதிக் கொடுத்தும், இரண்டிரண்டு படமாகச் சேர்த்தே ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். கோபமாகத்தான் திறந்தேன். ஒன்றில் இடப்பக்கம் கேத்தியின் கேரட் தோட்டம், வலப்பக்கம் அங்கே களையெடுத்த அம்மாவின் கை. தனித்தனியாக இரண்டும் சுமார், சேர்ந்து நின்றபோது என்னமோ ஆகிவிட்டது. அதிலிருந்து ஜோடி ஜோடியாகவே எடுக்கிறேன். லேபில் 'ஃபிலிமை வெட்டாமல் கொடுங்கள்' என்று மட்டும் சொல்கிறேன்.

ரோலை 35-ஐப் பற்றி நான் நடுநிலையாகப் பேசமாட்டேன், முன்பே சொல்லிவிடுகிறேன். ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்து 1966-ல் வெளிவந்தது. முதலில் ஜெர்மனி, பிறகு சிங்கப்பூரில் செய்தார்கள். பத்து சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை, ஆனால் முழு 24-க்கு 36 படம் எடுக்கும். 40 மி.மீ. டெஸ்ஸார், எஃப் 3.5. எடை 370 கிராம், இரும்புக்குண்டு. ஸ்வெட்டர் பை ஒருபக்கம் தொங்கும்.

அதைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்தார்கள். ஃபிலிம் நகர்த்தும் கைப்பிடி இடதுகைப் பக்கம். திரும்பச் சுற்றும் கைப்பிடி அடியில். ஃபிளாஷ் மாட்டும் இடமும் அடியில், அதனால் ஃபிளாஷ் போட்டால் பேய்ப்படம் மாதிரி கீழிருந்து வெளிச்சம் வரும். பேட்டரி ஃபிலிம் அறைக்குள்ளே, ரோல் பாதியில் பேட்டரி தீர்ந்தால் முடிகிறவரை காத்திருக்க வேண்டும். அந்தப் பழைய பாதரச பேட்டரி இப்போது வருவதுமில்லை. காது மெஷினுக்குப் போடும் 675 பேட்டரியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டுச் சமாளிக்கிறேன். ஸ்டிக்கரைப் பிரித்தால் இரண்டு மாதம் ஓடும். வோல்டேஜ் ஏறத்தாழ ஒத்துப் போகிறது.

ஆனால் பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் ஓடும், அரை நொடியிலிருந்து ஐநூறில் ஒன்று வரை. மீட்டரை மறந்துவிட்டுக் கண்ணால் எடுக்கலாம். மஞ்சில் கண்தான் சரி. லென்ஸ் திறப்பை 11-லும் தூரத்தை 6 மீட்டரிலும் வைத்துவிட்டால், மூன்று மீட்டரிலிருந்து எதிர்மலை விளிம்பு வரை தெளிவாக விழும். அதற்கு மேல் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. அதற்குக் கிட்டே வரும்போதுதான் தூரத்தை மனசால் அளக்க வேண்டும். நான் ஒருமுறை குழந்தையை எடுக்க 1 மீட்டரில் வைத்தவன், மறந்துபோய் கொடநாடு காட்சிமுனையில் ஒரு முழு ரோலை அப்படியே எடுத்துத் தள்ளினேன். பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு. மஞ்சு என்று சொல்லிச் சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு லவ்டேல் ஸ்டேஷனில் நடந்தது. ரோலையின் லென்ஸை உள்ளே தள்ளுவதற்கு முன் ஃபிலிமை ஒருமுறை நகர்த்தி ஷட்டரைத் தயாராக்க வேண்டும். பொம்மை ரயில் கிளம்பும் அவசரம், நான் நகர்த்தாமல் அமுக்கினேன். போகவில்லை. இன்னும் அமுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், பல்லில் கல் கடிபட்ட மாதிரி. ஒரு பெருநகர ரிப்பேர்க் கடை எட்டு மாதம் வைத்திருந்து, கேமரா விலையில் பாதியைப் பில்லாகப் போட்டுத் திருப்பி அனுப்பியது. கேமராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு அவசரக்காரன் ஆகாது.

விலையில் இந்த நாலில் ரோலைதான் எட்டாத உயரம். அவள் பட்ஜெட்டில் வருவது பெரும்பாலும் பூஞ்சை பிடித்ததாகவோ, ஷட்டர் இழுப்பதாகவோ இருக்கும். பூஞ்சையைப் பார்ப்பது எளிது: ஷட்டரை 'பி'-யில் திறந்து பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைப் பிடித்து முன்னால் சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் நூல் நூலாக, சிலந்தி கால் நீட்டிப் படுத்தது போலத் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். வெறும் தூசி என்றால் பரவாயில்லை. கடைக்காரர் தோலுறையோடு கொடுத்தால் வாங்கிக்கொண்டு, உறையை வேறு அறையில் வைக்க வேண்டும். பூஞ்சைக்குத் தோலுறைதான் விதைப்பெட்டி.

அடுத்தது எக்ஸ்ஏ. இதையும் மைத்தானிதான் வடிவமைத்தார், 1979-ல் வந்தது. முன்பக்க மூடி சறுக்கித் திறக்கும், மூடினால் சோப்புக்கட்டி. தூறலில் பையிலிருந்து எடுத்து ஒரு படம் எடுத்து மூடிப் போட்டுக்கொள்ள இதற்கு இணையில்லை. 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, 225 கிராம். உள்ளே நடுவில் ஒரு மஞ்சள் கட்டம், இரட்டை உருவம் ஒன்றானால் ஃபோகஸ் சரி. தூரத்தை ஊகிக்க வேண்டாம், என் மாதிரி ஆட்களுக்கு அதுவே பெரிய புண்ணியம். அடியில் ஒரு சின்ன நெம்பு, அதை +1.5-க்குத் தள்ளினால் மஞ்சுக்கும் வெள்ளை வேட்டிக்கும் தீர்ந்தது பிரச்சனை. எல்ஆர்44 பேட்டரி இரண்டு, கடிகாரக் கடையில் கிடைக்கும்.

பயம் ஒன்றுதான். எல்லாம் எலெக்ட்ரானிக். பேட்டரி இல்லையென்றால் கல். உள்ளே சர்க்யூட் பலகை போனால் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை, இன்னொரு செத்த எக்ஸ்ஏ-யிலிருந்து எடுத்துப் போட வேண்டும். பின்கதவு ஓரத்துப் பஞ்சு இத்தனை வருஷத்தில் தார் மாதிரி உருகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு நான் கருப்புக் கம்பளி நூலைப் பதித்திருக்கிறேன். ஸ்வெட்டர் பின்னுகிற ஊரில் அதற்கா பஞ்சம்.

எந்தக் கேமராவானாலும் சமவெளிக்கு இறங்கும்போது ஒரு கண்டம் இருக்கிறது. குளிர்ந்த கேமராவை பர்லியாரில் பஸ் நிற்கும்போது ஆசையாக வெளியே எடுத்தேன். கீழிருந்து வந்த புழுக்கக் காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க வியர்த்துவிட்டது, வெளியே மட்டுமில்லை, உள்ளேயும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மேட்டுப்பாளையம் வரை அப்படியே விட்டு, சூடு ஒத்துப்போன பிறகுதான் திறக்க வேண்டும். மேலே ஏறும்போது இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.

"புதுசாவே வருதாமே மாமா?" என்றாள். வருகிறது. பென்டாக்ஸ் 17 என்ற ஹாஃப் ஃப்ரேம் 2024-ல் வந்தது. ரோலை 35 பேரிலேயே ஆட்டோஃபோகஸோடு ஒன்றும் வந்திருக்கிறது. வாரண்டி உண்டு, பூஞ்சை இல்லை. பதினைந்தாயிரத்துக்குள் இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கருப்பு வெள்ளை எடுப்பதானால் மலைக்காரர்களுக்கு ஒரு வரம் உண்டு, அது கழுவும்போது தெரியும். கெமிக்கல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரையில் கோயம்புத்தூர்க்காரர் ஐஸ்கட்டி தேடுவார். நாம் குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்தால் போதும். ஹெச்பி5 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமை டி-76 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 11 நிமிஷம், நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டியைப் புரட்டி. பாத்ரூமில் காய வைத்தால் அப்பாவுக்கு அந்த வாடை போதும், நடுக்கூடத்திலிருந்தே "கழுவினது பத்தலடா, இன்னும் தண்ணி விடு" என்பார்.

வீட்டில் கழுவுகிறவளுக்குத்தான் எழுபத்திரண்டின் வினையைத் தீர்க்கும் வழியும் கிடைக்கிறது. நூறடி ஃபிலிம் சுருள் ஒன்று வாங்கினால் பதினெட்டு ரோல் அளவுக்கு வரும். அதை இருட்டுப் பையில் வைத்து டப்பாவுக்குச் சுற்றும்போது முப்பத்தாறு போட வேண்டிய கட்டாயம் இல்லை. இருபது போட்டால் பென்னில் நாற்பது படம். இரண்டு ஞாயிறில் முடியும், மூன்றாவது ஞாயிறு மழை பெய்தால் வீட்டிலிருந்து கழுவலாம். இந்த ஒரு ஏற்பாட்டோடு பார்த்தால், அவள் பட்ஜெட்டில் பென் இஇ-3 மற்ற மூன்றையும் தாண்டிவிடுகிறது. அந்த ஏற்பாடு இல்லாமல், ஃபிலிமைக் கடையில் வாங்கி லேபுக்கு அனுப்பிக்கொண்டிருக்கப் போகிறாள் என்றால், முப்பத்தாறே படம் என்றாலும் எக்ஸ்ஏ. ரோலை 35 வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் காசு சேரும்வரை பொறுக்கலாம், கெட்ட ரோலையை மட்டும் வாங்கக்கூடாது.

கழுவுவேன் என்று சத்தியம் செய்தாள். என் பென்னில் நாற்பது படத்துக்கு ரோல் சுற்றிப் போட்டு, இருட்டுப் பை, தொட்டி, ஒரு தெர்மாமீட்டரையும் சேர்த்து மூங்கில் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். மூன்று மாதம் வைத்துப் பார், பிறகு சொந்தமாக வாங்கு என்று ஒப்பந்தம்.

ஜூலை கடைசியில் போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம்.

"எத்தனைல நிக்குது?" என்றேன்.

"பதினாலு, மாமா."

"தொட்டி?"

"கூடையிலதான் இருக்கு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த குன்னூர்க்காரர் எக்ஸ்ஏ-ய விக்கிறாரான்னு கேட்டுப் பாக்குறீங்களா?"

கேட்டேன். பன்னிரண்டாயிரம் சொல்கிறார். பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கம்பளி நூல் நான் வைத்ததுதான், அதைப் பற்றிக் கவலையில்லை.